அரக்கர் பொம்மையும் நம் அறமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பலர் ஏறி இலக்கியச் சுவை நல்கியிருக்கின்றனர். பட்டம் பெற்ற பெரும் புலவர்கள் நின்ற இடத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு புகைவண்டி நிலையத்தில் கணக்கெழுதும் நாம் நிற்பது உங்கள் அன்பினால் அன்றி வேறில்லை. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் பொம்மை. அதிலும் தெய்வப் பொம்மை அன்று, அரக்கர் பொம்மை! இதைக் கேட்டதும் உங்களுள் சிலர் முறுவலிப்பது தெரிகிறது. முறுவலிக்கலாம், ஆயினும் முடியும் வரை இருந்து கேட்டருள வேண்டுகிறோம். ஒரு சமூகம் தன் பகைவனை எந்த முகத்தோடு, எந்த நிறத்தோடு கண்ணால் காண்கிறது என்பதை அச்சமூகத்தின் விளையாட்டுப் பொருள்கள் காட்டிவிடும். குழந்தை எழுத்தை அறியுமுன் பொம்மையை அறிகிறது. ஆகையால் இது சிறு பொருள் அன்று.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் நம் இளைஞர்களுள் சிலர் அண்மைக் காலமாகப் புதியதொரு பொழுதுபோக்கில் ஈடுபட்டிருக்கின்றனர். கட்டைவிரல் உயரமே உள்ள படைவீரர் உருவங்களை வாங்கி, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி, மேசைமேல் மலையும் காடும் கோட்டையும் அமைத்து, பகடை உருட்டிப் போர் விளையாடுகின்றனர். அவ்வுருவங்களுள் அவர்கள் மிகுதியும் விரும்புவது பச்சைத் தோலும் கோரைப் பல்லும் கொண்ட ஓர் அரக்கர் கூட்டம். ‘ஆர்க்’ என்பது அதன் பெயர். “படித்த பிள்ளை அரக்கனுக்கு வண்ணம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே!” என்று தாய்மார் வருந்துவதை நாம் கேட்டிருக்கிறோம். அத்தாய்மார்க்கு ஆறுதல் கூறவும், அவ்விளைஞர்க்குச் சில சொல்லவும், நமக்கு நாமே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளவும் இந்நேரத்தைப் பயன்படுத்த விழைகிறோம்.

படையும் பலகையும்

போரைப் பலகைமேல் விளையாடும் பழக்கம் மேனாட்டார் கண்டுபிடித்தது அன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்து, பாரசீகம் சென்று, அராபியர் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அங்கே நெடுங்காலம் கழித்து அது வேறோர் உருக்கொண்டது. 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பிரபு ரைஸ்விட்ஸ் என்பவர், மேடும் பள்ளமும் ஆறும் சாலையும் தனித்தனித் துண்டுகளாக அமைந்து, வேண்டியவாறு மாற்றி அடுக்கத்தக்க ஒரு போர் மேசையைச் செய்து தம் மன்னருக்கு அளித்தார். அவர் மகனார் 1824-இல் அதனை நிலப்படத்தின்மேல் ஆடத்தக்கதாகத் திருத்தி அமைத்தார். படைத்தலைவர்களைப் பயிற்றுவிக்க அது பயன்பட்டது. கட்டம் போய் நிலம் வந்தது. இதுவே அவ்விளையாட்டில் நேர்ந்த பெரு மாறுதல்.

1893-இல் இங்கிலாந்தில் பிரிட்டன் என்னும் குடும்பத்தார் உள்ளே கூடான ஈயப் போர்வீரர் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டனர். ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலும் படை வந்தது. அறிவியற் கதைகளால் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ் இத்தகைய பொம்மைகளைத் தரையில் பரப்பி, வில்விசைப் பீரங்கியால் சிறு குச்சிகளைச் செலுத்தி ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, ‘சிறு போர்கள்’ என்னும் பொருள்படும் நூலை 1913-இல் வெளியிட்டார். அந்நூலின் இறுதியில் அவர் கூறும் கருத்து கருதத்தக்கது. இவ்விளையாட்டைச் சிலமுறை ஆடியவன் உண்மைப் போர் எத்துணைத் தடுமாற்றமும் மடமையும் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. பொம்மையோடு நின்றிருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகிறதன்றோ?

இனி, அரக்கர் இவ்விளையாட்டில் எவ்வாறு புகுந்தனர் என்பதைப் பார்ப்போம். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த பேராசிரியர் டோல்கீன், 1937-இல் ஒரு சிறுவர் கதையையும், 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக ஒரு பெருங்கதையையும் வெளியிட்டார். பேய், பூதம் என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்றை எடுத்து, அதனைத் தம் கதையில் வரும் கொடிய படையினத்துக்குப் பெயராக்கினார், அதுவே ‘ஆர்க்’. 1974-இல் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கற்பனை விளையாட்டு வெளிவந்தது; அதிலும் ஆர்க்குகள் இடம்பெற்றன. இங்கிலாந்தில் 1975-இல் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்னும் நிறுவனம், 1983-இல் ‘வார்ஹாமர்’ என்னும் மேசைப் போர் விளையாட்டை வெளியிட்டது. ஆர்க்குகளுக்குப் பச்சை நிறத்தை உலகெங்கும் நிலைநாட்டிய பெருமை பெரிதும் இவ்விளையாட்டையே சாரும். முதலில் ஈயக் கலவையிலும், பின்னர் ஈயம் நீக்கிய வெள்ளுலோகத்திலும், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலும் இவ்வுருவங்கள் வார்க்கப்படுகின்றன. ஒரு மனித உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் என்பது வழக்கமான அளவு.

நம் கொலு

இவ்வளவையும் கேட்டபின், “இஃது ஏதோ அயலார் வித்தை” என்று எண்ணிவிட வேண்டா. நம் வீட்டுக் கொலுவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள். படிகளின்மேல் வரிசை வரிசையாக உருவங்கள். படிகளுக்குக் கீழே தரையில் ‘பார்க்கு’ என்று நாம் அழைக்கும் காட்சி. மணல் பரப்பி வீதி அமைக்கிறோம். கண்ணாடித் துண்டை வைத்துக் குளம் ஆக்குகிறோம். சில நாள் முன்னதாகவே கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவைத்து வயல் காட்டுகிறோம். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பதும், பழையதைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் காக்க வேண்டும் என்பதும் நம் இல்லத்தரசியரின் எழுதாச் சட்டம். சேகரித்தல், வண்ணம் புதுப்பித்தல், காட்சி அமைத்தல் ஆகிய மூன்றும் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றே: அங்கே பகடை உருள்கிறது, இங்கே சுண்டல் வழங்கப்படுகிறது.

நாம் குடியிருக்கும் கன்னட நாடோ பொம்மைக்குப் பேர்போன நாடு. நவராத்திரியில் பொம்மை வைப்பதை அவர்கள் ‘பொம்பே ஹப்ப’ என்பர். மைசூர் அரண்மனையிலே பொம்மைகளுக்கென்றே ‘கொம்பே தொட்டி’ என்னும் மண்டபம் இருக்கிறது. அரசனும் அரசியுமாக மரத்தில் செய்த இணைப் பொம்மையை மணமகளுக்குத் தாய்வீட்டார் அளிப்பது மைசூர்ப் பகுதியின் வழக்கம். பெங்களூரிலிருந்து மைசூருக்குப் புகைவண்டியில் செல்வோர் சென்னப்பட்டணத்தை அறிவர். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கை அழுத்தி, அதன் சூட்டிலே வண்ணம் ஏற்றுகின்றனர். கொப்பள மாவட்டத்துக் கின்னாள மரப் பொம்மைகளும் புகழுடையவை. நம் தமிழகத்திலோ பண்ணுருட்டியும், காஞ்சிபுரமும், மதுரையை அடுத்த விளாச்சேரியும் மண்ணாலும் காகிதக் கூழாலும் கொலுவை நிரப்புகின்றன. தஞ்சையின் தலையாட்டிப் பொம்மையை அறியாதார் யார்?

வண்ணம் தீட்டும் முறை

இரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். பண்ணுருட்டிக் கைவினைஞர் குழைத்த களிமண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி, இரண்டையும் சேர்த்துப் பொருத்துவாயை வழித்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவர். சுட்ட பின் மண் நிறம் மறைய வெள்ளைப் பூச்சு, அதன்மேல் உடல் நிறம், அதன்மேல் ஆடை, அணி, கடைசியாகக் கண். நம் இளைஞர் செய்வதும் இவ்வரிசையே. வார்ப்பின் பொருத்துவாயைக் கத்தியால் சுரண்டி எடுக்கின்றனர், அடிப்பூச்சுத் தருகின்றனர், அடிவண்ணம் தீட்டுகின்றனர்.

அதற்குமேல் அவர்கள் கையாளும் இரண்டு உத்திகளை நம் வீட்டார் அறிந்துகொள்வது நன்று. ஒன்று, நீர்த்த கருவண்ணத்தை உருவம் முழுவதும் ஓடவிடுதல். அது மேட்டில் நில்லாது வழிந்து பள்ளத்தில் தங்கும். ஆடை மடிப்பிலும் விரல் இடுக்கிலும் தானே நிழல் விழும். மற்றொன்று, தூரிகையில் வண்ணம் தோய்த்துத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த அத்தூரிகையால் மேலாகத் தடவுதல். இப்போது வண்ணம் பள்ளத்தைத் தொடாது மேட்டை மட்டும் பற்றும். மூக்கு நுனியும் புருவ மேடும் ஒளிபெறும். முன்னது நிழலைத் தருகிறது. பின்னது வெளிச்சத்தைத் தருகிறது. விரலளவு உருவத்தில் வெயிலின் ஒளி தானாகப் போதிய நிழலை உண்டாக்காது. ஆகையால் வண்ணத்தாலேயே நிழலை உண்டாக்குகின்றனர். மங்கிப்போன பழைய கொலுப் பொம்மையைப் புதுப்பிக்க இவ்விரு முறைகளும் மிகவும் உதவும். ஒரே சொட்டு நீர்வண்ணத்தில் கும்பகருணனின் மீசை உயிர்பெறும்!

அரக்கனின் நிறம் யாது?

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. நம் கொலுவிலும் அரக்கர் உண்டு. மகிடன் உண்டு, பத்துத் தலை இராவணன் உண்டு, கும்பகருணனை எழுப்பும் காட்சி உண்டு. பறை அறைவோரும், சங்கு ஊதுவோரும், யானையை ஏவுவோரும் சூழ, மலைபோல் படுத்து உறங்கும் அவனைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. ஆனால் கடையில் விற்கும் வரிசைகளில் பலவற்றைக் கூர்ந்து நோக்குங்கள். தேவருக்கு இளஞ்சிவப்பு, மன்னருக்கு மஞ்சள் கலந்த வெண்மை, அரக்கனுக்கோ கரியும் பழுப்பும். தேவர் ஒவ்வொருவர்க்கும் தனி முகம் உண்டு. அரக்கர் அனைவர்க்கும் ஒரே அச்சு. தடித்த உதடு, பரந்த மூக்கு, உருண்ட விழி.

சில ஆண்டுகளுக்கு முன்பு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வீட்டுக் கொலுவுக்கு நம் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அங்கே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மகிடாசுரனைச் சுட்டிக்காட்டி, “இவர் நம் தாத்தா மாதிரி இருக்கிறாரே, ஏன் அம்மா இவரைக் குத்துகிறார்கள்?” என்று கேட்டாள். அவள் தாத்தா சுரங்கத்தில் முப்பது ஆண்டு பாறை உடைத்தவர். அறையில் இருந்தோர் சிரித்தனர். தாத்தாவும் சிரித்தார். ஆயினும் அச்சிரிப்பு முடிந்தபின் எவரும் சற்று நேரம் பேசவில்லை. அக்குழந்தை கேட்டது விளையாட்டுக் கேள்வியா? அன்று, அது நம் அனைவரையும் கேட்ட கேள்வி.

அரக்கன் கருமையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கலை விதித்தது? நம் அண்டையிலுள்ள கலைகளையே கேட்போம். கேரளத்துக் கதகளியில் பச்சை முகம் நளன், அருச்சுனன் போன்ற உயர்ந்தோர்க்கு உரியது. இராவணனுக்கு உரியது ‘கத்தி’ வேடம். அதிலும் அடிநிறம் பச்சையே. அதன்மேல் சிவப்புக் கோடு கத்திபோல் வளைந்திருக்கும். உயர்ந்த குணம் ஒருபால், செருக்கு ஒருபால் என்பதை அம்முகமே உரைக்கிறது. மேனாட்டார் அரக்கனுக்குத் தந்த பச்சையை மலையாளத்தார் வீரனுக்குத் தந்தனர்! கன்னடக் கடற்கரையின் யட்சகானத்தில் அரக்கர் வேடத்தைப் ‘பண்ணத வேஷ’ என்பர்; ‘வண்ண வேடம்’ என்பது அதன் பொருள். ஆட்டத்திலேயே மிகுதியான வண்ணமும் மிகுதியான உழைப்பும் பெறுவது அந்த அரக்க முகம்தான். அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்த வெண்புள்ளிகளைப் பல மணி நேரம் அமர்ந்து ஒவ்வொன்றாக எழுப்புகின்றனர். மைசூர்ச் சாமுண்டி மலையில் வாளும் பாம்பும் ஏந்தி நிற்கும் மகிடாசுரன் சிலை எவ்வளவு வண்ணப் பொலிவோடு விளங்குகிறது! அந்நகரின் பெயரே அவன் பெயரினின்று வந்ததாகக் கூறுவர்.

நம் முன்னோர் வந்த வட ஆர்க்காட்டை நினைவுகூருங்கள். அங்கே திரௌபதையம்மன் திருவிழாவில் படுகளம் என்று ஒன்று நடைபெறும். ஊர்ப் பொதுவெளியில் மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்து கிடக்கும் பேருருவாகச் செய்து, வண்ணம் தீட்டி, அதையே போர்க்களமாகக் கொண்டு கூத்தர் ஆடுவர். உலகில் இதனினும் பெரிய போர்ப் பொம்மை எங்கே உண்டு? அவனைச் செய்வோர் வெறுப்போடு செய்வதில்லை. மீசையை முறுக்கி, முடியைச் சூட்டி, மன்னனாகவே கிடத்துகின்றனர். அவன் வீழ்ந்தபின் அவனுக்காக ஒப்பாரியும் எழும். பகைவனைக் கொல்லும் கதையிலும் அவன் பெருமையைக் குறைக்காத பெருந்தன்மை அந்நாட்டுப்புறக் கலைக்கு உண்டு. கம்பர் படைத்த கும்பகருணனும் அத்தகையவனே. அண்ணன் செய்தது தவறென்று இடித்துரைத்தவன். ஆயினும் உண்ட சோற்றுக்காகக் களம் சென்று உயிர் ஈந்தவன். அவனை ஒரே அச்சில் வார்த்த கரிய தடியனாக்கி வைப்பது கம்பருக்கும் பொருந்தாது, நமக்கும் பொருந்தாது.

தங்கவயலுக்கு உரிய வினா

இவ்வினாவைத் தங்கவயலில் எழுப்புவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே புதுமுறைச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் நம் முன்னோர் திரள் திரளாக வந்தனர். அவர்களுள் மிகப் பலர் ஊர்ப்புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்ட குலத்தினர். மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், வெந்து தணியாப் பாறையின் நடுவே, பிறர் அணியும் பொன்னை எடுத்தனர். பாறைத் தூள் அவர்தம் நெஞ்சை அரித்தது. கருத்த மேனியர், முரட்டுக் கையர் என்று அவர்களைக் கண்டு முகம் சுளித்தோரும் உண்டு.

அவர்கள் வாளா இருந்தார்களா? இல்லை. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழைத் தங்கவயல் தொழிலாளர் விரும்பிப் படித்தனர். இங்கே பௌத்த சங்கங்களை அமைத்தனர். பிற்காலத்தில் அவ்விதழ் இத்தங்கவயலிலிருந்தே வெளிவரவும் செய்தது. புராணக் கதைகளையும் பண்டிகைகளையும் மறு ஆராய்ச்சிக்கு உட்படுத்தி, இழிந்தோர் என்று சொல்லப்பட்டவர் மெய்யாகவே யாவர் என்று கேட்டவர் பண்டிதர். அவர் கூறிய முடிபு ஒவ்வொன்றையும் எல்லாரும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால், “கதையில் பகைவனுக்கு முகம் எழுதியவன் யார்?” என்னும் வினா அவர் வழியே நமக்கு உரிமையாகக் கிடைத்த வினா. பாறை உடைத்தவனின் பேத்தி அதையே தன் மழலையில் கேட்டாள் என்று நாம் கொள்கிறோம்.

இவ்வினா நம்மோடு நிற்கவில்லை; கடல் கடந்தும் எழுந்தது. டோல்கீன் 1958-இல் எழுதிய ஒரு மடலில், ஆர்க்கின் தோற்றத்தை ஐரோப்பியர் அழகற்றதாகக் கருதும் கீழ்த்திசை மக்களின் முகத்தோடு ஒப்பிட்டிருந்தார். ஓர் இனம் முழுவதும் திருந்தாத் தீமையாக இருத்தல் கூடுமோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தையும் வாட்டியது. அவ்வினத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. பின்னர், 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தார் ஓர் அறிக்கை விடுத்தனர். ஆர்க்கு முதலிய இனங்களைத் தீயோர் என்றே சித்திரித்த முறை, உலகில் உண்மை மக்கட் குழுக்களை இழித்துரைத்த முறையை நினைவூட்டுகிறது என்பதை ஒப்புக்கொண்டு, இனி அவர்களையும் பிற மக்களைப் போலவே பல்வகைக் குணமுடையோராகக் காட்டுவோம் என்று கூறினர். தங்கவயல் சிறுமியும் அமெரிக்க நிறுவனமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர் பாருங்கள்!

“தீயவனே இல்லையென்றால் விளையாட்டு ஏது, கதை ஏது?” என்று கேட்போர் உண்டு. தக்க கேள்வியே. தீமையை நீக்குக என்று நாம் கூறவில்லை. தீமையை ஒரு நிறத்திலும் ஒரு மூக்கிலும் பூட்டிவைக்காதே என்றே கூறுகிறோம். தீமை செயலில் இருக்கிறது, தோலில் இல்லை. இவ்விடத்தில் நம் இளைஞர்களின் பொழுதுபோக்கு நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. மேசைப் போரில் இரு பக்கமும் மனிதரே ஆடுகின்றனர். ஆர்க்குப் படையை நடத்துபவன் தன் ஆர்க்குகளை நேசிக்கிறான். ஒருவனுக்கு உடைந்த பல், ஒருவனுக்குத் தழும்பு, ஒருவனுக்குக் கிழிந்த கொடி என்று ஒவ்வொன்றுக்கும் தனிமுகம் தருகிறான். ஒரு வார மாலைப்பொழுதெல்லாம் ஒரே முகத்தை உற்று நோக்கி வண்ணம் தீட்டியவனால் அம்முகத்தை வெறுக்க இயலுமோ? தூரிகை பிடித்த கை மெல்ல மெல்ல அன்பு கொள்ளும். ஆகவே தாய்மார்களே, உங்கள் பிள்ளை அரக்கனுக்கு வண்ணம் தீட்டுகிறான் என்று வருந்தற்க. அவன் பொறுமையைக் கற்கிறான். அயலானின் முகத்தைப் பார்க்கக் கற்கிறான். அவனுக்கு நாம் சொல்ல வேண்டுவது, “தம்பி, அக்கைவண்ணத்தை நம் கும்பகருணனுக்கும் சிறிது கொடு” என்பதே.

செய்ய வேண்டுவன

வெறும் பேச்சோடு முடிப்பது நம் வழக்கம் அன்று. சங்கத்தார் திருவுளம் கொள்ளச் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தன. பெயர்வோர் கட்டிலையும் பாத்திரத்தையும் எடுத்துச் செல்கின்றனர். கொலுப் பெட்டியை யாருக்கேனும் கொடுத்துவிட்டோ, திண்ணையில் வைத்துவிட்டோ செல்கின்றனர். சுட்ட மண் பொம்மை வழியில் கழுத்தொடியும் என்னும் அச்சமே பெரிதும் காரணம். அத்தகைய பெட்டிகளைச் சங்கம் ஏற்றுக்கொள்ளுமாயின், இன்னும் சில ஆண்டுகளில் தங்கவயல் தமிழரின் பொம்மைக்கூடம் ஒன்று தானே உருவாகிவிடும். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் எந்த வீட்டது, எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டு என்று எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத பொம்மை ஒரு தலைமுறையில் ஊமையாகிவிடும்.

இரண்டாவது, வரும் நவராத்திரியில் சங்க மண்டபத்தில் வைக்கும் கொலுவின் கீழ்ப்படியில் தங்கவயற் காட்சி ஒன்றை இளைஞர்கள் அமைத்துத் தருக. நம் வீட்டில் நாமும் பிள்ளைகளும் அத்தகைய காட்சி ஒன்றைச் செய்து பார்த்தோம். தீக்குச்சிகளால் சுரங்கவாய்க் கோபுரம். அதன் உச்சியில் நூற்கண்டின் கட்டையால் சக்கரம். கயிற்றுக்குத் தையல் நூல். பாறைக்குத் தெர்மாகோலைப் பிய்த்துச் சாம்பல் நிறம் பூசி, உலர்தூரிகையால் வெண்மை ஏற்றினால் போதும். தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் தோய்த்தால் புதர். பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் முட்செடி. பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரும் தண்டவாளத்தை ஈர்க்குச்சியால் அமைத்தோம். பார்க்க வந்த முதியோர் அதைவிட்டு நகரவே இல்லை.

மூன்றாவது, ஓர் எச்சரிக்கை. காட்சிக்கு மணல் வேண்டும் என்று எவரும் சைனைடு மேட்டு மண்ணை அள்ளி வரலாகாது. பார்ப்பதற்கு அது மாவுபோல் நுண்ணியதாய் அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் பொன்னைப் பிரிக்கச் சேர்த்த நஞ்சின் எச்சமும், பாறையிலிருந்து வந்த தீய பொருள்களும் அதில் கலந்துள்ளன. அந்த நுண்தூள் குழந்தைகளின் மூச்சில் புகத்தக்கது. ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துக. வண்ணம் வாங்கும்போதும் ஈயம் கலவாததா என்று பார்த்து வாங்குக. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016-இல் நடுவணரசு விதி செய்திருக்கிறது. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கும் வழக்கத்தையும் பிள்ளைகள் விடல் வேண்டும்.

நான்காவதும் தலையாயதும் இது: சங்கக் கொலுவில் இடம்பெறும் அரக்கர் பொம்மைகளுக்கு நாமே புது வண்ணம் தீட்டுவோம். இராவணனுக்குக் கதகளியின் பச்சையையும், மகிடனுக்குச் சாமுண்டி மலையின் வண்ணங்களையும், துரியோதனனுக்குப் படுகளத்தின் முறுக்கு மீசையையும் தருவோம். ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒரு தனி முகம் எழுதுவோம். கரிய நிறம் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. இராமனும் கண்ணனும் காளியும் கரியவரே அன்றோ? அவர்களை நீலம் பூசி மறைக்காது கருமையாகவே எழுதுவோம். கருமை வீரனுக்கும் ஆகும், தெய்வத்துக்கும் ஆகும் என்பதை நம் குழந்தைகள் படிக்கட்டின் எல்லா வரிசையிலும் காணட்டும். அன்று எந்தக் குழந்தை எந்தப் பொம்மையைச் சுட்டி, “இவர் நம் தாத்தா போல் இருக்கிறார்” என்றாலும், கேட்போர் பெருமிதம் கொள்வர். எவர்க்கும் பேச்சு அடைக்காது.

பொம்மையைச் செய்தவர் கை பண்ணுருட்டிக்கோ நாட்டிங்ஹாமுக்கோ உரியதாகலாம். அதற்கு முகம் எழுதும் கை நம்முடையது. அக்கையில் அறம் குடியிருக்குமாக!